பாதியில் நின்றுபோன மேட்ச்: மைதானக் கணக்கில் சேர்க்கலாமா?

#1 மூலைக்கொடி

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன், இப்போது ஒரு பஞ்சாயத்தோடு வந்திருக்கிறேன்.

நான் மைதானம் மைதானமாகப் போய்க் கால்பந்து பார்க்கிறவன். கிரவுண்ட் ஹாப்பிங் என்பார்களே, அதுதான். இந்த வாரம் பெரிய அரங்கம் என்றால் அடுத்த வாரம் கோட்டுக்கு வெளியே கயிறு மட்டும் கட்டியிருக்கும் உள்ளூர் லீக் கிரவுண்ட். ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறேன். தேதி, மைதானம், அணிகள், ஸ்கோர், நான் எங்கே நின்றேன், எல்லாம் அதில் இருக்கும். போன வாரம் வரை நாற்பது மைதானம்.

நாற்பத்தொன்றாவதில்தான் சிக்கல். ராத்திரி மேட்ச், கீழ் டிவிஷன், கூட்டம் என்று சொல்ல இருநூறு பேர் இருந்தால் அதிகம். 1-0. அறுபத்து மூன்றாவது நிமிடத்தில் நான்கு விளக்குக் கம்பங்களில் ஒன்று பொசுக்கென்று அணைந்தது. ஒரு மூலை முழுக்க இருட்டு. அரை மணி நேரம் பார்த்தார்கள். யாரோ ஏணியோடு ஓடினார், யாரோ சாவியைத் தேடினார். கடைசியில் நடுவர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுப் பேசிவிட்டு ஆட்டத்தைக் கைவிட்டார். இன்னொரு நாள் முதலிலிருந்து ஆடுவார்களாம்.

நாற்பத்தொன்று என்று எழுதட்டுமா, வேண்டாமா? மூன்று நாளாக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

#2 நடுக்கோடு

சேராது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆட்ட விதிகளில் ஏழாவது விதி தெளிவாகச் சொல்கிறது: கைவிடப்பட்ட ஆட்டம் மறுபடியும் ஆடப்பட வேண்டும், போட்டியை நடத்துபவர்கள் வேறு மாதிரி முடிவு செய்யாத வரை. உங்கள் மேட்ச் முதலிலிருந்து ஆடப்படப் போகிறது. அதாவது லீக் கணக்கில் அந்த 63 நிமிடம் நடக்கவே இல்லை, அந்தக் கோலும் இல்லை. நடக்காத மேட்சை நீங்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

என் சொந்த விதிகள்: முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை உள்ளே இருக்க வேண்டும். ஆடுவது கிளப்பின் பிரதான அணியாக, அதாவது முதல் அணியாக இருக்க வேண்டும். நட்பு ஆட்டம் சேராது. மைதானச் சுற்றுலாவில் டிரெஸ்ஸிங் ரூமில் நின்று போட்டோ எடுத்ததெல்லாம் சேரவே சேராது.

#3 வலைக்குப் பின்னால்

வாங்க மூலைக்கொடி, நல்ல பஞ்சாயத்து.

நடுக்கோடு அண்ணே, உங்கள் கணக்குப்படி டெனிஸ் லா ஆறு கோல் அடித்ததை யாருமே பார்க்கவில்லை. 28 ஜனவரி 1961, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை நான்காம் சுற்று, லூட்டனின் கெனில்வொர்த் ரோடு. மான்செஸ்டர் சிட்டி 6-2 என்று முன்னால் இருந்தது, ஆறும் லா அடித்தவை. 69வது நிமிடத்தில் களம் சேறாகிப்போய் ஆட்டத்தைக் கைவிட்டார்கள். மறு ஆட்டத்தில் சிட்டி 3-1 என்று தோற்றது. அந்த ஒரே கோலையும் அடித்தவர் லாதான்! ஒரே கோப்பைச் சுற்றில் ஏழு கோல் அடித்தும் அணி வெளியே போனது, ஏட்டில் நின்றது ஒன்று.

அன்றைக்கு அங்கே நனைந்துகொண்டு நின்றவர்களிடம் போய், நீங்கள் பார்த்தது மேட்சே இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

#4 நடுக்கோடு

பார்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஏட்டில் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். மூலைக்கொடியின் எக்செல் ஷீட்டும் ஓர் ஏடுதானே?

#5 பழைய கேலரி

இருவருமே தவறான பொருளை எண்ணுகிறீர்கள் என்று படுகிறது. எண்ணுவது மேட்சையா, மைதானத்தையா? மூலைக்கொடி அந்த மைதானத்துக்குப் போனார், அங்கே பந்து உருண்டது, போதும்.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். பிரீமியர் லீக்கின் 20, அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களின் 72, ஆக 92 கிளப்களின் மைதானங்களையும் முடித்தவர்களுக்கு இங்கே 1978 முதல் ஒரு சங்கமே உண்டு, 92 கிளப் என்று. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் ஐந்தாம் டிவிஷனிலிருந்து சிலர் மேலே வருவார்கள், அதே எண்ணிக்கை கீழே போகும். போதாக்குறைக்குக் கிளப்கள் வீடு மாறும். 2025இல் எவர்ட்டன் ஆண்கள் அணி குடிசன் பார்க்கை விட்டுக் கப்பல்துறைப் பக்கம் கட்டிய புதிய அரங்கத்துக்குப் போனது. அதுவரை 92 என்று மார்தட்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் 91 ஆனார்கள். நான் 74இல் நிற்கிறேன். முடிப்பேன் என்ற நம்பிக்கையும் இல்லை, முடிக்க வேண்டும் என்ற வெறியும் இல்லை.

குடிசனைப் பற்றி ஒரு வார்த்தை. 1892இல் திறந்தது. அதன் புல்லன்ஸ் ரோடு கேலரியின் மேல்தட்டு முகப்பில் இரும்புப் பட்டைகள் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வரிசையாக ஓடும். ஆர்ச்சிபால்ட் லீட்ச் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக்கலைஞரின் கையெழுத்து அது. தொழிற்சாலைகள் கட்டிக்கொண்டிருந்தவர், அப்புறம் கால்பந்து கேலரிகளுக்கு வந்தார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1902இல் அவர் அமைத்த மரப்படி மேடை ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்தின்போது உடைந்து 25 பேர் விழுந்து இறந்தார்கள். அதன்பின் மண்ணைக் கொட்டி உயர்த்திய கரையின் மேல்தான் படிகள் கட்டினார்கள். ஃபுல்ஹாமின் கிராவன் காட்டேஜில் 1905இல் அவர் கட்டிய கேலரியில் அந்தக் கால மர இருக்கைகள் இன்னும் இருக்கின்றன. மடக்கினால் படார் என்று சத்தம் கேட்கும். எனக்குக் கிடைத்த இடத்தில் ஒரு தூண் கோல் போஸ்டை நட்ட நடுவில் மறைத்தது. கோல் விழுந்ததா இல்லையா என்று எதிர்க் கேலரி எழுந்து நிற்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படியும் இன்னொரு தடவை போவேன்.

#6 டிவி போதும்

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து எதிர்க் கேலரியைப் பார்த்துக் கோலைக் கண்டுபிடிக்கிறீர்கள். இதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா சார்? வீட்டில் ஏழெட்டுக் கேமரா கோணம், ஆஃப்சைடுக்குக் கோடு போட்டுக் காட்டுகிறான், கோல் விழுந்தால் ஐந்து தடவை திருப்பிப் போடுகிறான். நான் ஒரே ஒரு முறை பெரிய அரங்கம் ஒன்றின் உச்சி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். எறும்புகள் ஓடின. அவ்வளவுதான்.

சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

#7 வலைக்குப் பின்னால்

நல்ல கேள்விதான். உச்சி வரிசை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நான் சின்ன மைதானத்து ஆள்.

பத்தாண்டு கோல்கீப்பராக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். டிவி பந்தைத்தான் பார்க்கும். பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கக் கீப்பர் உலகத்திலேயே இல்லை. நேரில் பாருங்கள். பந்து எழுபது மீட்டர் தள்ளி இருக்கும்போது கீப்பர் தன் பெனால்டி பெட்டியை விட்டு எத்தனை அடி முன்னால் வந்து நிற்கிறார், டிஃபெண்டரை எந்தப் பெயர் சொல்லி, என்ன திட்டு திட்டி நகர்த்துகிறார், கார்னருக்கு முன்னால் யார் யாருடைய சட்டையைப் பிடிக்கிறார்கள். உள்ளூர் லீக்கில் கோல் போஸ்டுக்குப் பின்னால் வேலியில் சாய்ந்து நின்றால் இதெல்லாம் காதில் விழும். தொண்ணூறு நிமிடமும் ஒரே ஒரு இடது பேக்கை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஸ்கோர் மறந்துவிட்டது, அந்தப் பையன் ஒவ்வொரு த்ரோவுக்கும் முன்னால் தோளுக்குப் பின்னால் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது மறக்கவில்லை.

அப்புறம் தரை. டிவியில் எல்லாக் களமும் சமதளம். யோவில் டவுனின் பழைய ஹுயிஷ் மைதானம் ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறு பக்கக் கோட்டுக்குச் சரிந்தே கிடந்தது. 1949இல் முதல் டிவிஷன் சண்டர்லேண்ட் அங்கே வந்து 2-1 என்று தோற்றுப் போனது. ஷெஃபீல்டு பக்கம் சாண்டிகேட் ரோடு இருக்கிறதே, ஹாலம் கிளப்புடையது, 1860 டிசம்பர் 26 முதல் கால்பந்து நடக்கிற இடம், உலகத்திலேயே பழைய கால்பந்து மைதானம் என்கிறார்கள். அதுவும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சரிவு. ஒரு பாதியில் மேட்டில் ஏறி ஆடு, மறுபாதியில் இறங்கி ஆடு. டாஸ் ஜெயித்தவன் எந்தப் பக்கம் கேட்கிறான் என்பதே அங்கே ஒரு கதை.

மூலைக்கொடிக்கு இன்னொன்று. கைவிட்ட ஆட்டங்களுக்கெல்லாம் ராஜா 1937 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நடந்ததுதான். செல்சியும் சார்ல்டனும். பனிமூட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். சார்ல்டன் கீப்பர் சாம் பார்ட்ரமுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நம்ம ஆட்கள் அந்தப் பக்கம் போட்டுத் தாக்குகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு கால் மணி நேரம் தனியாகக் கோலைக் காத்தார். ஒரு போலீஸ்காரர் பனிக்குள்ளிருந்து வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. நடுக்கோடு அண்ணே, அவர் அந்தப் பதினைந்து நிமிடம் மேட்ச் ஆடினாரா இல்லையா?

#8 நடுக்கோடு

:) அதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை.

#9 தென்மேடை

வணக்கம் அண்ணைமாரே. நான் ஜேர்மனியில் இருக்கிறேன், பதில் எழுதக் கொஞ்சம் பிந்திவிட்டது.

இங்கேயும் இந்தக் கூத்துப் பெரிசு. சிலர் 45 நிமிடம் பார்த்தால் போதும் என்பார்கள். சிலருக்கு முழு ஆட்டமும் வேண்டும். ஒரு கோலாவது விழாவிட்டால் அந்த மைதானத்தை எழுத மாட்டேன் என்று நிற்கிற ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், மூன்றுமுறை ஒரே இடத்துக்குப் போய் மூன்றுமுறையும் 0-0.

"டிவி போதும்" நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உச்சி வரிசையை வைத்து முடிவு எடுக்காதீர்கள். ஒருமுறை நின்று பாருங்கள். டோர்ட்மண்டின் தெற்கு மேடையில் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கலாம், ஐரோப்பாவில் அதைவிடப் பெரிய நிற்கும் மேடை கிடையாது. நான் நடுவிலே நின்றேன். உண்மையைச் சொன்னால் உதைபந்தாட்டம் பாதிதான் தெரிந்தது. முன்னுக்குக் கொடி, பக்கத்திலே கை, எனக்கு உயரமும் போதாது. ஆனால் கோல் விழுந்தபோது நான் நின்ற படியில் நான் இல்லை, இரண்டு படி கீழே நின்றேன். யார் தள்ளினது என்று தெரியாது. செருப்பு அல்ல, நல்ல காலம் சப்பாத்துப் போட்டிருந்தேன்.

பேர்லினில் யூனியன் கழகத்தின் மைதானம் இன்னொரு மாதிரி. 22,012 பேர் கொள்ளும், அதில் இருக்கைகள் நான்காயிரம்கூட இல்லை. 2008–09இல் அதைத் திருத்திக் கட்டக் கழகத்திடம் காசு இல்லை. இரசிகர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தாங்களே வந்து கொங்கிறீட் போட்டார்கள், மொத்தம் 1,40,000 மணித்தியாலம் போல வேலை. அங்கே நிற்கிற கிழவர் ஒருவர் காலால் தட்டி, இந்தப் படி நான் போட்டது என்று காட்டினார். அவர் எந்த எக்செல்லும் வைத்திருக்கிற ஆள் இல்லை.

#10 டிவி போதும்

நிற்கிற மேடை ஆபத்து என்று தானே இங்கிலாந்தில் எடுத்தார்கள்? அதைப் போய்ச் சிபாரிசு செய்கிறீர்களே.

#11 பழைய கேலரி

எடுத்தார்கள், காரணத்தோடு. 15 ஏப்ரல் 1989, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். ஏற்கெனவே நிரம்பிய கம்பிவேலிக் கூண்டுகளுக்குள் இன்னும் கூட்டத்தைப் போலீஸ் திறந்துவிட்டது, 97 பேர் இறந்தார்கள். 1990இல் அதை விசாரித்த டெய்லர் அறிக்கை வந்தது, மேல் டிவிஷன்களில் எல்லாம் இருக்கை ஆனது. ஆனால் அங்கே உயிரை எடுத்தது நிற்பது அல்ல. கூட்டத்தை நிர்வகித்த விதமும், வெளியேற வழி இல்லாத வேலியும்தான். இப்போது ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் இடுப்பளவு கம்பித் தடுப்பு வைத்து, ஆளுக்கு ஓர் இடம் என்ற கணக்கில் நிற்கவிடுகிறார்கள். 2022இல் அதற்கு அனுமதி வந்தது.

உட்கார்ந்திருந்தால் பத்திரம் என்றும் இல்லை. 1985 மே 11, பிராட்ஃபோர்டில் எரிந்தது இருக்கைகள் இருந்த மரக் கேலரி. பலகைகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பையில் தீப்பிடித்தது, பின்பக்கக் கதவுகள் பல பூட்டியிருந்தன. 56 பேர். நான் பழைய மரக் கேலரியை இவ்வளவு புகழ்கிறேனே, எதிலும் ஏறியவுடன் முதலில் பார்ப்பது வெளியே போகும் வழியைத்தான். வயதானவன் புலம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

#12 முதல் விசில்

இழை போகிற திசையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். நான் இதுவரை மைதானத்துக்குப் போனதே இல்லை. போகலாம் என்று இந்த இழையைப் படித்துத்தான் தோன்றியது. எங்கிருந்து தொடங்குவது? தனியாகப் போகலாமா? பெண்கள் லீக் ஆட்டங்கள் உங்கள் கணக்கில் சேருமா, இல்லை அதற்கும் ஏதாவது விதி இருக்கிறதா? :)

#13 மூலைக்கொடி

வாங்க! என் கேள்வியைவிட இது நல்ல கேள்வி.

உங்களுக்கு மிக அருகில், மிகக் கீழ் டிவிஷனில் என்ன நடக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவே ஒரு தனி ஆட்டம் ஆட வேண்டும்: உறுப்பினர் அட்டை, குலுக்கல், பெயர் போட்ட டிக்கெட், போனில்தான் காட்ட வேண்டும், பை கொண்டுபோகக் கூடாது. உள்ளூர் லீக்கில் நேராக நடந்து போய்விடலாம். தனியாகப் போவதும் அங்கேதான் சுலபம். யார் வந்திருக்கிறார்கள் என்று அவர்களே வந்து விசாரிப்பார்கள். பதில் சொல்லி மாளாது.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். காலையில் கிளப்பின் பக்கத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மழை பெய்திருந்தால் நடுவர் வந்து களத்தைச் சோதித்து ஆட்டத்தைத் தள்ளிவைப்பார், சில நாள் ஆரம்பத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால்கூட. கிளப்பின் பெயரில் ஓர் ஊர் இருக்கும், ஆடுவது வேறெங்கோ வாடகை மைதானத்தில் இருக்கும். ஒருமுறை பூட்டிய கேட்டின் முன்னால் நின்று, மூன்று தெரு தள்ளி விசில் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறேன். முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்க் களத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்தப் பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும், எந்த கோல் பக்கம் புல் தேய்ந்து கிடக்கிறது, பெஞ்ச் எங்கே என்று பார்த்துவையுங்கள். பெஞ்சுக்குப் பின்னால் நிற்பது போல ஒரு பாடம் வேறெங்கும் கிடைக்காது. பயிற்சியாளர் சொல்வதும் வீரர்கள் அதைச் செய்யாததும் இரண்டுமே தெரியும்.

பெரிய அரங்கத்தில் மட்டும் ஒன்று: உங்கள் டிக்கெட் எந்த அணி ரசிகர்களின் பகுதி என்று பார்த்து, அதற்கேற்ற நிறத்தில் போங்கள். சந்தேகம் என்றால் சாம்பல் சட்டை.

#14 தென்மேடை

சாம்பல் சட்டை நல்ல யோசனை. ஆர்ஜென்டினா போனால் இந்தக் கவலையும் இல்லை. 2013 முதல் அங்கே லீக் ஆட்டங்களுக்கு வெளியணி இரசிகர்களைப் பொதுவாக விடுவதில்லை. மேடை முழுக்க ஒரே நிறம். அது ஒரு மாதிரிப் பாதி ஆட்டம் என்றுதான் எனக்குப் படுகிறது. எதிர்ப்பாட்டு இல்லாத பாட்டு.

எங்கே போனாலும் கூட்டத்தில் ஏதாவது குழப்பம் என்றால் முதலில் எழும்பி ஓடுகிற திரளோடு ஓடாதீர்கள். 2022 ஒக்டோபர் 1 இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்ததும் எல்லாரும் வாசலை நோக்கி ஓடி, நெரிசலில் 135 பேர் செத்தார்கள். அரங்குக்குள்ளே கண்ணீர்ப்புகை பாவிக்கக் கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகளிலேயே இருந்தது.

பயப்படுத்தச் சொல்லவில்லை தங்கச்சி. இருநூறு பேர் வாற மைதானத்தில் பெரிய ஆபத்து என்றால் பந்து தலையில் விழுவதுதான்.

#15 பழைய கேலரி

முதல் விசில், பெண்கள் ஆட்டம் சேராது என்று யாராவது சொன்னால் குடிசன் பார்க்கைக் காட்டுங்கள்.

26 டிசம்பர் 1920, டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணியும் செயின்ட் ஹெலன்ஸும் அங்கே ஆடின. உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே ஆயிரக்கணக்கில் நின்றார்கள். ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, தன்னைச் சேர்ந்த கிளப்கள் பெண்கள் ஆட்டத்துக்கு மைதானம் தரக் கூடாது என்று உத்தரவு போட்டது. தடை விலகச் சுமார் ஐம்பது ஆண்டு பிடித்தது. கவனியுங்கள், ஆடாதே என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மைதானத்தைப் பூட்ட முடிந்தது, பூட்டினார்கள்.

2025இல் எவர்ட்டன் ஆண்கள் போன பிறகு குடிசனை இடிக்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இடிக்கவில்லை. எவர்ட்டன் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். லீட்ச் வைத்த அந்தப் பெருக்கல் குறிகளுக்குக் கீழே இப்போது அவர்கள் ஆடுகிறார்கள். எனக்கு இதைவிடத் திருப்தியான செய்தி அந்த ஆண்டு வரவில்லை.

#16 முதல் விசில்

இது எனக்குத் தெரியாது. நன்றி ஐயா. கேம்ப் நோவில் 2022 ஏப்ரலில் பார்சிலோனா–வோல்ஃப்ஸ்பர்க் பெண்கள் ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்தார்கள் என்று மட்டும் தெரியும். அதை வைத்துத்தான் கேட்டேன்.

#17 நடுக்கோடு

முதல் அணி, போட்டி ஆட்டம், முழு நேரம். மூன்றும் இருந்தால் சேரும். பெண்கள் ஆட்டம் சேராது என்று என் விதியில் எங்கேயும் இல்லை, வீணாக என்னைப் பார்க்காதீர்கள்.

#18 வலைக்குப் பின்னால்

சரி, கொஞ்சம் இலகுவாகப் பேசுவோம். போயே ஆக வேண்டும் என்று நினைத்து இன்னும் போகாத மைதானம் எது? எனக்கு ஸ்லோவாக்கியாவில் சியெர்னி பலோக். கேலரிக்கும் களத்துக்கும் நடுவே குறுகிய ரயில் பாதை போகிறது, ஆட்டம் நடக்கும்போதே நீராவி எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு வரும். கார்னர் எடுக்கிறவன் புகை விலகும் வரை காத்திருப்பானா என்பது என் நீண்ட நாள் சந்தேகம்.

#19 தென்மேடை

சுவிட்சர்லாந்தின் க்ஸ்போன். கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டர் மேலே மலையோரத்தில் செயற்கைப் புல் மைதானம், ஊருக்குக் காரில் போக முடியாது, கேபிள் காரில்தான் ஏற வேண்டும். பந்து வலைக்கு மேலால் போனால் போனதுதான்.

#20 பழைய கேலரி

போர்ச்சுகலின் பிராகா. பழைய கல்குவாரிக்குள் 2003இல் எடுவார்டோ சோட்டோ டி மோரா கட்டியது. கேலரி இரண்டு பக்கம் மட்டும். ஒரு கோலுக்குப் பின்னால் வெறும் பாறை. வலைக்குப் பின்னால், உங்களுக்கு அங்கே நிற்க இடமே இல்லை.

இல்லாமல் போன மைதானங்களுக்கும் போவேன் நான். ஆர்சனலின் ஹைபரி இப்போது அடுக்குமாடி வீடு, களம் இருந்த இடம் தோட்டம், இரண்டு கேலரி முகப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. மிடில்ஸ்பரோவின் அயர்சம் பார்க் வீட்டுமனை ஆகிவிட்டது. 1966 உலகக் கோப்பையில் இத்தாலியை வீழ்த்திய வட கொரியாவின் பாக் டூ-இக் கோல் அடித்த இடத்தில் வெண்கலத்தில் ஒரு சின்ன அடையாளம் பதித்திருக்கிறார்கள். யாருடைய வீட்டு முன்னாலோ குனிந்து தேடிக்கொண்டிருந்தால் ஜன்னலிலிருந்து பார்ப்பார்கள். பழகியவர்கள்தான் போல, கையால் திசை காட்டினார்கள். இந்த இரண்டும் என் கணக்கில் இல்லை, பந்து உருளவில்லை அல்லவா.

#21 டிவி போதும்

ஒரு வாக்குமூலம். ஞாயிறன்று சும்மா நடக்கப் போனவன் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஏதோ லீக் மேட்ச் என்று நின்றேன். ஹாஃப் டைம் வரை நின்றேன். கமென்ட்ரி இல்லாததால் யார் எந்த அணி என்று புரியவே இருபது நிமிடம் ஆனது. இடைவேளைக்குச் சற்று முன் ஒரு கோல். விழுந்ததும் ரீப்ளேக்காக என் தலை தானாகத் திரும்பியது. எங்கே திரும்புவது? பக்கத்தில் மரம்தான் இருந்தது.

இன்னும் டிவி கட்சிதான். பெயரை மட்டும் மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

#22 வலைக்குப் பின்னால்

45 நிமிடம் பார்த்திருக்கிறீர்கள். தென்மேடை சொன்ன கணக்குப்படி ஒன்று ஆகிவிட்டது. ஷீட் திறந்துவிடுங்கள்.

#23 மூலைக்கொடி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மறு ஆட்டத்துக்குப் போனேன்.

இந்தத் தடவை பகல் ஆட்டம். விளக்கை நம்பவில்லை போல. வாசலில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அன்றைக்கும் வந்தீர்களே என்றார். அந்த மூலைக் கம்பத்தின் அடியில் புதிய பெட்டி ஒன்று பூட்டுப் போட்டு இருந்தது, சாவி யாரிடம் என்று நான் கேட்கவில்லை. முதல் ஆட்டத்தில் 1-0 என்று முன்னால் இருந்த அணி இந்த முறை 0-2 என்று தோற்றது. அன்றைக்குக் கோல் அடித்த ஒன்பதாம் எண் பையன் இன்றைக்கு பெஞ்சில். எழுபதாவது நிமிடம் உள்ளே வந்து ஒரே ஒரு தடவை தலையால் முட்டினான், அது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவன் அடித்த அந்தக் கோல் எந்த ஏட்டிலும் இல்லை. ஆட்டம் முடிந்து போகும்போது வேலியோரம் வந்தவனிடம், அன்றைக்கு அடித்தது நல்ல கோல் என்றேன். ஒரு நொடி முழித்தான். அப்புறம், நீங்கள் இருந்தீர்களா என்று கேட்டான்.

ஷீட்டில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். இரண்டு தேதி, ஒரே மைதானம்.

#24 நடுக்கோடு

முதல் வரிக்கு எண் போட்டீர்களா?

#25 மூலைக்கொடி

40½.

#26 நடுக்கோடு

63ஐ 90ஆல் வகுத்தால் 0.7 வரும். திருத்துங்கள்.